மலையேறும் பெண்களும் வைத்தியசாலைக் கடிகாரமும்

கோடை நாட்களில் கொடைக்கானலுக்குப் போய் வரும் நேயர்களில் பலர் கெங்குவார்பட்டிக்கு வெகு அருகே போயிருப்பார்கள். போயிருக்கிறோம் என்பது அவர்களுக்குத் தெரிந்திராது. வத்தலக்குண்டிலிருந்து பெரியகுளம் நோக்கி வரும் பாதையில், மலைச்சாலை வலப்புறம் பிரிந்து மேலே ஏறுகிற இடத்துக்குக் 'காட் ரோடு' என்று பெயர். மோட்டாரில் வருகிறவர்கள் அங்கே ஒரு டம்ளர் காப்பி அருந்திவிட்டு, மலைமேல் தவழும் மேகத்தைப் பார்த்துச் சந்தோஷித்துக்கொண்டு போய்விடுகிறார்கள். அவர்களுடைய பார்வை மேலே இருப்பதால், மலையின் காலடியில் இருக்கும் எங்கள் ஊர் அவர்கள் கண்ணில் படுவதில்லை. அதில் நமக்கு வருத்தம் ஒன்றும் இல்லை. 'கமலாம்பாள் சரித்திரம்' எழுதிய ராஜமையர் பிறந்த வத்தலக்குண்டையே மறந்துவிட்ட தமிழுலகம், அதற்கு அப்பால் உள்ள ஒரு சிற்றூரை நினைவு வைத்திருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயமாகாது.

ஆயினும் ஒரு நாள் விடியற்காலை நான்கரை மணிக்கு நேயர்கள் இந்தப் பக்கம் வந்து நிற்க வேண்டுமென்பது நம் விருப்பம். வானம் வெளுக்கவில்லை, மஞ்சளாற்றுப் பக்கமிருந்து குளிர்ந்த காற்று வருகிறது. டீக்கடையில் மட்டும் விளக்கெரிகிறது. தலையில் ஒரு துண்டு, இடுப்பில் ஒரு தூக்குவாளி, கையில் சுருட்டிய பழைய சட்டை - இவற்றோடு பெண்கள் ஒவ்வொருவராக வந்து சேருகிறார்கள். சட்டை, புருஷனுடையது, சேலைக்கு மேலே போட்டுக்கொண்டு வேலை செய்வதற்கு. வண்டி வருகிறது. ஒன்பது பேர் உட்காரலாமென்று கட்டிய வண்டியில் பதினைந்து பேர் ஏறுகிறார்கள். சில வண்டிகள் மலைமேல் காப்பித் தோட்டத்துக்குப் போகும். சில, கீழே மாந்தோப்புக்கும் கரும்புக் கொல்லைக்கும் போகும். எங்கே போகிறோம் என்பது சில நாட்களில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் அவர்களுக்கே தெரியும்.

நாம் பள்ளிக்கூடத்தில் பாடம் சொல்லுகிறவர்கள். நமக்கு இவர்களைப் பற்றித் தெரியவந்த விதமும் பள்ளிக்கூடத்து வருகைப் பதிவேட்டின் மூலமாகத்தான். தேங்காய் பறிக்கும் காலம், காப்பிப் பழம் எடுக்கும் காலம், கரும்பு வெட்டும் காலம் இவையெல்லாம் பஞ்சாங்கத்தில் இருக்கின்றனவோ இல்லையோ, எங்கள் பதிவேட்டில் இருக்கின்றன. ஐந்தாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி ஒரு வாரம் வராவிட்டால், வீட்டில் கைக்குழந்தை இருக்கிறது, தாய் மலைக்குப் போயிருக்கிறாள் என்று அர்த்தம். அந்தத் தாயைக் கூப்பிட்டுக் கண்டிக்கலாமென்று சொல்லி அனுப்பினால், அவள் வரமாட்டாள். நாம் பள்ளியில் இருக்கும் நேரத்தில் அவள் ஊரில் இல்லை. நாமே ஒரு நாள் இரவு ஏழரை மணிக்குப் போய்ப் பார்த்தோம். அடுப்பை ஊதிக்கொண்டிருந்தாள். "உடம்பு என்ன இப்படி வெளுத்திருக்கிறது? ஆஸ்பத்திரியில் காட்டக் கூடாதா, தாயி?" என்று கேட்டோம்.

"காட்டலாம், வாத்தியாரய்யா. நாங்க இருக்கிற நேரத்துல அவுக இருக்க மாட்டாக. அவுக இருக்கிற நேரத்துல நாங்க இருக்க மாட்டோம். என்னத்தச் செய்யச் சொல்றீக?" என்றாள்.

சுகாதார சாஸ்திரத்தைப் பற்றி எத்தனையோ கனமான புத்தகங்கள் வந்திருக்கின்றன. கூலிக்குப் போகும் பெண்களின் வைத்திய விஷயத்தை இதைவிடச் சுருக்கமாக எவரும் சொன்னதாக நமக்குத் தெரியவில்லை. இந்தக் கட்டுரையில் நாம் சொல்லப்போவதெல்லாம் அந்த ஒரு வாக்கியத்துக்கு விரிவுரைதான்.

எங்கள் ஊரிலிருந்து மேற்கே போகப் போக இந்த விஷயம் பெரிதாகிறது. தேனியைக் கடந்து கம்பம் பள்ளத்தாக்குக்குள் புகுந்தால், சின்னமனூர், உத்தமபாளையம், கம்பம், கூடலூர் என்று வரிசையாக ஊர்கள். அவற்றிலிருந்து தினந்தோறும் ஆயிரக்கணக்கான பெண்கள் இருட்டோடு புறப்பட்டு, குமுளி, கம்பமெட்டு, போடிமெட்டு ஆகிய மலைவழிகளில் ஜீப்பேறி, கேரளத்தின் இடுக்கி ஜில்லாவிலுள்ள ஏலத் தோட்டங்களுக்குப் போகிறார்கள். பகலெல்லாம் வேலை செய்துவிட்டு, பொழுது சாய்ந்தபின் இறங்குகிறார்கள். காலையில் ஒரு ராஜ்யம், மாலையில் ஒரு ராஜ்யம். இவர்களுடைய பாட்டிமாரும் மலைக்குப் போனவர்களே. 1895-இல் திறக்கப்பட்ட முல்லைப் பெரியாற்று அணையைக் கட்டிய காலத்தில் காலராவுக்கும் மலைக் காய்ச்சலுக்கும் இரையான கூலிகளின் கதையைப் பள்ளத்தாக்கில் இன்றும் பேசிக்கொள்கிறார்கள். அன்று மலை ஏறியவர்கள் மாதக்கணக்கில் அங்கேயே கிடந்தார்கள். இன்று ஏறுகிறவர்கள் மாலையில் திரும்புகிறார்கள். இது பெரிய முன்னேற்றமே. ஆனால் இந்த முன்னேற்றமே ஒரு விசித்திரமான கஷ்டத்தையும் கொண்டுவந்திருக்கிறது. அதைப் பின்னால் சொல்லுவோம்.

ஏலக்காயை நம் வீட்டுப் பெண்மணிகள் அறிவார்கள். ஏலக்காய் எடுக்கிற வேலையை அறியமாட்டார்கள். செடி ஆள் உயரத்துக்கு மேலும் வளர்ந்திருக்கும். காய் உச்சியில் இருக்குமென்றுதானே நினைப்போம்? இல்லை. செடியின் அடியிலிருந்து கொத்துக்கள் கிளம்பி, மண்ணோடு மண்ணாகப் படர்ந்து கிடக்கும். ஆகவே எடுக்கிறவள் நின்றுகொண்டு எடுக்க முடியாது. குனிந்தோ, குந்தியோ, முழங்காலிட்டோ, சேற்றிலும் சருகிலும் விரலை விட்டு, பழுக்கும் பதத்திலுள்ள காயை மாத்திரம் தெரிந்தெடுக்க வேண்டும். ஒரே தடவையில் முடிகிற வேலையும் அன்று. ஆடி, ஆவணியில் தொடங்கினால் தை, மாசி வரையில் சுற்றுச் சுற்றாக வந்துகொண்டேயிருக்கும். மழை பெய்யும், அட்டை ஏறும். பாயசத்தில் மிதக்கும் ஒரு காய்க்குப் பின்னால் ஒருத்தியின் முதுகெலும்பு இருக்கிறது என்று சொன்னால் மிகையாகாது.

இதைவிட முக்கியமான சங்கதி மருந்து அடிப்பது. ஏலச் செடிக்குப் பூச்சிகள் பரம சத்துருக்கள். தண்டு துளைக்கும் புழு ஒன்று. காயைச் சொறி பிடிக்கச் செய்யும் 'த்ரிப்ஸ்' என்னும் கண்ணுக்கு எளிதில் தெரியாத பூச்சி ஒன்று. ஆதலால் வருஷத்தில் பல தடவை விஷ மருந்து தெளிக்கிறார்கள். தெளிப்பவன் ஆண், தெளித்த இடத்தில் முழங்காலிட்டு இலையை விலக்கிக் கையை விடுகிறவள் பெண். நாக்கில் பட்டால்தான் விஷம் என்று நம் ஜனங்கள் நினைக்கிறார்கள். பூச்சி மருந்துகளில் பல, தோலின் வழியாகவே உடம்பினுள் இறங்கிவிடும். நனைந்த சேலை நாள் முழுதும் தொடையோடு ஒட்டிக்கொண்டிருந்தால் அதுவே போதும். அந்தக் கையோடு வெற்றிலை போட்டுக்கொண்டாலும், சோற்றைப் பிசைந்தாலும், வீடு திரும்பியதும் குழந்தைக்குப் பால் கொடுத்தாலும், விஷம் அடுத்த படிக்குப் போகிறது. கேரளத்தின் காசர்கோடு ஜில்லாவில் முந்திரித் தோட்டங்களின்மேல் 'எண்டோசல்பான்' என்னும் மருந்தை ஆகாய மார்க்கமாகத் தெளித்ததன் விளைவை நாடு முழுவதும் பார்த்தது. 2011-இல் சுப்ரீம் கோர்ட் அந்த மருந்துக்குத் தடை விதித்தது. ஆனால் ஒரு மருந்து போனால் வேறு மருந்து வருகிறது.

மருந்து டின்னின்மேல் ஒரு சின்னம் இருப்பதை எத்தனை பேர் கவனித்திருப்பார்களோ தெரியாது. சாய்சதுரமான கட்டத்தில் பாதி வர்ணம் பூசியிருக்கும். சிவப்பானால் அதிபயங்கர விஷம்; மஞ்சள், அதற்கு அடுத்தது; நீலம், நடுத்தரம்; பச்சை, சற்றுக் குறைந்தது. படிக்கத் தெரியாதவர்களுக்காகவே சர்க்கார் செய்த ஏற்பாடு இது. வேடிக்கை என்னவென்றால், டின் தோட்டத்துக் கிட்டங்கியில் இருக்கிறது. படிக்கத் தெரியாதவள் செடியடியில் இருக்கிறாள். இருவரும் சந்திப்பதில்லை.

விஷம் ஏறினால் தெரிகிற அடையாளங்களைச் சொல்லிவிடுகிறோம். நேயர்களின் வீட்டில் தோட்டம் துரவு இருந்தால் உபயோகப்படும். வாயில் எச்சில் ஊறிக்கொண்டேயிருக்கும், கண்ணீரும் வியர்வையும் பெருகும், வாந்தியும் பேதியும் வரும், கண்ணின் கருமணி ஊசிமுனை போல் சுருங்கும், தசை துடிக்கும், மூச்சு இரையும். உடனே செய்ய வேண்டியது, நனைந்த துணிகளைக் களைந்து சோப்பும் நீரும் விட்டு உடம்பை நன்றாகக் கழுவுவது. உதவி செய்கிறவர் தம் கையில் படாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். புளியைக் கரைத்து ஊற்றி வாந்தி எடுக்கச் செய்வது கூடாது. அது மூச்சுக் குழலில் போய்க் காரியத்தைக் கெடுத்துவிடும். 108-க்கு டெலிபோன் செய்துவிட்டு, மருந்து டின்னையோ அதன் சீட்டையோ ஆஸ்பத்திரிக்குக் கையோடு எடுத்துப் போக வேண்டும். எந்த விஷம் என்று டாக்டருக்குத் தெரிந்தால் மாற்று மருந்து கொடுப்பது எளிது. ஒரு வகை மருந்துகளுக்கு 'அட்ரோபின்' என்னும் ஊசி உயிரையே மீட்டுக் கொடுக்கும். டின்னைக் கொண்டுவராமல், "என்னமோ வெள்ளையாக இருந்தது" என்று சொன்னால் டாக்டர் என்ன செய்வார்?

விஷம் ஏறிய சங்கதி எப்போதாவது வருவது. எப்போதும் இருப்பது ரத்தக் குறைவு. 2019-இலிருந்து 2021 வரையில் சர்க்கார் எடுத்த தேசியக் குடும்பநலக் கணக்கின்படி, தமிழ்நாட்டில் 15 வயதுக்கும் 49 வயதுக்கும் இடைப்பட்ட பெண்களில் நூற்றுக்கு 53 பேருக்கு மேல் ரத்தசோகை உடையவர்கள். இது பட்டணத்துப் பெண்களையும் சேர்த்த கணக்கு. வெறுங்காலோடு ஈரமண்ணில் நிற்கிறவளுக்குக் காலின் வழியே கொக்கிப்புழுவும் ஏறிக் குடலில் தங்கி ரத்தத்தை உறிஞ்சும். செருப்பும், ஆறு மாதத்துக்கு ஒரு பூச்சி மாத்திரையும், இரும்புச் சத்து மாத்திரையும் இந்த வியாதியைப் பெரும்பாலும் விரட்டிவிடும். மாத்திரை இலவசமாகவே கிடைக்கிறது. ஆனால் அதை டீயோடு விழுங்குகிறார்கள்! டீயும் காப்பியும் இரும்புச் சத்தை உடம்பில் சேரவொட்டாமல் தடுத்துவிடும். எலுமிச்சம்பழச் சாற்றோடோ நெல்லிக்காயோடோ சாப்பிட்டால் நன்றாகச் சேரும். மாத்திரை கொடுக்கிறவர்கள் இதையும் இரண்டு வார்த்தை சொல்லிக் கொடுத்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்!

இன்னொன்றை எழுதக் கொஞ்சம் கூசுகிறது. குடும்பங்களில் படிக்கிற பத்திரிகை ஆயிற்றே. ஆனால் கூசிக் கூசித்தான் இவர்களுடைய உடம்பு கெட்டுப் போயிற்று. தோட்டத்தில் ஒதுங்குவதற்கு மறைவிடம் கிடையாது. ஆகவே காலையிலிருந்து மாலை வரை தண்ணீர் குடிப்பதையே நிறுத்திவிடுகிறார்கள். அதனால் நீர்க்கடுப்பு, இடுப்பு வலி, சிறுநீரகத்தில் தாபிதம். மாதவிலக்கு நாட்களைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. நாலு கம்பு நட்டு ஓலை கட்டி, ஒரு குடம் ஜலம் வைத்தால் தீர்ந்துபோகிற கஷ்டம் இது. பல வருஷமாகத் தீரவில்லை.

சட்டம் இல்லாமலில்லை. சுதந்திரம் வந்து நான்கே வருஷத்தில், 1951-இல், தோட்டத் தொழிலாளர் சட்டம் இயற்றினார்கள். குடிநீர், மறைவிடம், வைத்திய வசதி, ஐம்பது பெண்கள் வேலை செய்தால் குழந்தைக் காப்பகம் - எல்லாம் அதில் இருந்தன. அண்மையில் தொழிலாளர் சட்டங்களைத் தொகுத்தபோது அந்த ஏற்பாடுகள் புதிய தொகுப்பில் சேர்ந்தன. ஆனால் அந்தச் சட்டம் எழுதியவர்கள் மனத்தில் இருந்தது, தோட்டத்திலேயே வரிசை வீட்டில் குடியிருக்கும் தொழிலாளி, பெரிய தோட்டம், துரை, தோட்டத்து ஆஸ்பத்திரி. இன்று இன்னார் தோட்டம், நாளை வேறொருவர் தோட்டம் என்று ஜீப்பில் வந்திறங்கும் பெண்ணை எந்தத் தோட்டத்துக் கணக்கில் எழுதுவது? சில ஏக்கர் வைத்திருக்கும் சிறு தோட்டங்களுக்குச் சட்டமே எட்டாது.

இங்கேதான் முன்னே சொன்ன விசித்திரமான கஷ்டம் வருகிறது. நம் நாட்டில் சுகாதாரக் கணக்கு வீட்டுக் கதவைக் கொண்டு நடக்கிறது. ஐயாயிரம் ஜனங்களுக்கு, மலைப் பிரதேசமானால் மூவாயிரம் ஜனங்களுக்கு, ஒரு துணைச் சுகாதார நிலையம் என்பது விதி. கிராமச் செவிலியர் வீடு வீடாகப் போய்ப் பதிவேட்டில் எழுதுகிறார். மிகவும் நல்ல ஏற்பாடு. ஆனால் அவர் போகும் பகல் வேளையில் எங்கள் மலைக்கூலிப் பெண்ணின் கதவு பூட்டியிருக்கிறது. அவள் மலைமேல் இருக்கிறாள். மலைமேல் உள்ள செவிலியரின் பதிவேட்டிலோ அவளுக்கு வீடு இல்லை. கீழே வீடு இருக்கிறது, ஆள் இல்லை. மேலே ஆள் இருக்கிறாள், வீடு இல்லை. அந்தக் காலத்தில் மலையிலேயே தங்கியவளுக்கு நல்லதோ கெட்டதோ தோட்டத்து வைத்தியர் ஒருவராவது இருந்தார்.

எங்கள் பக்கத்து ஊரான தேவதானப்பட்டியில் மூங்கிலணை காமாட்சியம்மன் கோவில் இருக்கிறது. அங்கே அடைத்த கதவுக்குத்தான் பூஜை. ஜனங்கள் கதவைப் பார்த்தே கும்பிட்டுவிட்டு, மனநிறைவோடு திரும்புகிறார்கள். அம்மன் அடைத்த கதவுக்குப் பின்னால் இருந்தும் அருள் செய்வாள். வைத்தியசாலைக்கு அந்தச் சக்தி இல்லையே!

சர்க்காரை நாம் குறை கூறவில்லை. குறை கூறுவது நன்றி கெட்டதனமாகும். பிரசவத்துக்கு இரவு பகல் எந்நேரமும் ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஆள் இருக்கிறது; 2008 முதல் 108 வண்டி வருகிறது. 1912-இல் சென்னை வைத்தியக் கல்லூரியில் தேறி, தமிழ்நாட்டுப் பெண்களுக்கெல்லாம் வழி திறந்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் பெயரால் பிரசவ உதவித் திட்டம் இருக்கிறது; 2018 முதல் அந்த உதவி, பணமும் போஷாக்குப் பெட்டியுமாகச் சேர்த்து 18,000 ரூபாய். 2021 ஆகஸ்டு 5-ஆம் தேதி கிருஷ்ணகிரி ஜில்லாவில் 'மக்களைத் தேடி மருத்துவம்' ஆரம்பமாயிற்று. ரத்தக் கொதிப்புக்கும் நீரிழிவுக்கும் மருந்து வீட்டு வாசலுக்கு வருகிறது. இவ்வளவும் வேறு பல ராஜ்யங்களில் கனவு. இருந்தாலும் பிரசவ உதவிக்குக் கர்ப்பத்தைக் காலத்தில் பதிந்து, பரிசோதனைகளுக்குத் தவறாமல் வந்திருக்க வேண்டும். ஒவ்வொரு பரிசோதனையும் ஒரு நாள் கூலி. நாலு மாதம் வரையில் வெளியே சொல்லாமல் மலையேறிக்கொண்டிருக்கும் பெண்களை நாம் அறிவோம். சொன்னால் மேஸ்திரி வண்டியில் ஏற்றமாட்டார் என்று பயம்.

வழி இல்லாமல் இல்லை என்பதற்கு வெகுதூரம் போக வேண்டியதில்லை. எங்கள் மலைக்கு அந்தப் பக்கம், ஒட்டன்சத்திரத்துக்கு அருகே அம்பிளிக்கை என்ற ஊர் இருக்கிறது. அங்குள்ள கிறிஸ்தவ வைத்திய நிலையமும், பிரான்ஸ் தேசத்து லியோன் நகரத்துச் சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனமும் சேர்ந்து, 2000-ஆம் ஆண்டில் திண்டுக்கல் ஜில்லாவில் ஒரு காரியம் ஆரம்பித்தார்கள். கருப்பைவாய்ப் புற்றுநோய் ஏழைப் பெண்களைக் கொண்டுபோகிற வியாதி. வந்தபின் கண்டுபிடிப்பது சுலபம். வருமுன் கண்டுபிடிக்கப் பட்டணத்துப் பரிசோதனைச் சாலை வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். இவர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? பயிற்சி பெற்ற நர்ஸுகளைக் கிராமங்களுக்கு அனுப்பினார்கள். பஞ்சில் சிறிது காடியைத் தோய்த்து அந்த இடத்தில் தடவினால், பழுதுபட்ட சதை ஒரு நிமிஷத்தில் வெண்மையாகத் தெரியும். தெரிந்தால் அதைக் குளிரால் உறையச் செய்து அழிக்கும் சிகிச்சையைக்கூட அங்கேயே, பெரும்பாலும் அதே தினத்தில், நர்ஸே செய்துவிடலாம். 49,311 ஸ்திரீகளை அழைத்தார்கள். மூன்று வருஷத்தில் 31,343 பேர் வந்து பரிசோதித்துக்கொண்டார்கள். 2007-இல் லண்டன் 'லான்ஸெட்' வைத்தியப் பத்திரிகையில் முடிவு வெளியாயிற்று. பரிசோதனை நடந்த கிராமங்களில் அந்த நோய் நூற்றுக்கு 25 பங்கும், அதனால் நேரும் மரணம் 35 பங்கும் குறைந்திருந்தன. காடியும் பஞ்சும் நர்ஸும்! உலகமெல்லாம் இந்த முறையைப் பின்பற்றும்போது, அதன் பெருமையில் திண்டுக்கல் ஜில்லாவுக்கு எவ்வளவு பங்கு என்பதை நம்மில் எத்தனை பேர் அறிவோம்? அதே 2007-இல் உலக வங்கியின் உதவியோடு தமிழ்நாட்டு சர்க்கார் இந்தப் பரிசோதனையை முதன்முதல் வைத்துப் பார்க்கத் தேர்ந்தெடுத்தவை தஞ்சாவூரும் எங்கள் தேனி ஜில்லாவுமே. பிறகு அது ராஜ்யம் முழுவதற்கும் பரவியது. இன்றும் முப்பது வயது கடந்த பெண்கள் சர்க்கார் ஆஸ்பத்திரிகளில் இலவசமாகச் செய்துகொள்ளலாம்.

ஆனால் கணக்கு வாத்தியார் புத்தி நம்மை விடுவதில்லை. அழைத்தும் வராதவர் 17,968 பேர். அவர்கள் யார்? கூச்சத்தால் வராதவர் இருப்பார்கள். பயத்தால் வராதவர் இருப்பார்கள். விடியுமுன் வேலைக்குப் போனவர்களும் அவர்களில் இருப்பார்கள் என்று நாம் ஊகிக்கிறோம். நர்ஸ் கிராமத்துக்கு வந்தது பாதி வழி. கூலிக்காரி வீட்டில் இருக்கும் வேளைக்கு வருவது மற்றப் பாதி.

கஸ்தூரிபா 1944-இல் சிறையில் காலமான பின், அவர் நினைவாகத் திரண்ட நிதியைக் கிராமத்துப் பெண்களுக்கும் குழந்தைகளுக்குமே செலவிட வேண்டுமென்று மகாத்மா நிபந்தனை விதித்தார். தமிழ்நாட்டில் அந்தப் பணியை மேற்கொண்டவர் டாக்டர் சௌந்தரம். டி.வி. சுந்தரமய்யங்காரின் புதல்வி, இளமையில் கணவரைப் பிளேக் நோய்க்குப் பறிகொடுத்தவர், அதன் பிறகு டில்லிக்குப் போய் வைத்தியம் படித்தவர். மதுரையிலோ சென்னையிலோ பெரிய டாக்டராக வாழ்ந்திருக்கலாம். 1947-இல் கணவர் ராமச்சந்திரனோடு சேர்ந்து, சின்னாளபட்டிக்கு அருகே காந்திகிராமத்தைத் தொடங்கினார். சிறிய பிரசவ விடுதியாகத் தோன்றிய கஸ்தூரிபா ஆஸ்பத்திரி இன்று பெரிய வைத்தியசாலை. இங்கிருந்து வத்தலக்குண்டு மார்க்கமாகப் பஸ்ஸில் போனால் எட்டிவிடும் தூரம். கிராமத்துப் பெண் டாக்டரிடம் வரமாட்டாள், டாக்டர்தான் அவளிடம் போக வேண்டும் என்ற பாடத்தை அப்போதே இந்தப் பிரதேசத்தில் ஒருவர் நடத்திக் காட்டியிருக்கிறார்.

அமெரிக்காவிலும் இதே தொந்தரவு இருந்தது என்றால் நேயர்கள் வியப்பார்கள். பழம் பறிக்கவும் காய்கறி எடுக்கவும் தெற்கிலிருந்து வடக்கே, பருவத்தோடு பருவமாக, குடும்பம் குடும்பமாக அங்கே ஜனங்கள் அலைகிறார்கள். எந்த ஊர் ஆஸ்பத்திரியும், "நீ இந்த ஊர்க்காரன் அல்ல" என்று சொல்லிவிடும். 1960-ஆம் ஆண்டில் ஒரு டெலிவிஷன் படம் அவர்களுடைய அவலத்தை, அமெரிக்கர்கள் வயிறார உண்ணும் நன்றியறிதல் பண்டிகைச் சமயத்தில் காட்டியது. 1962-இல் ஜனாதிபதி கென்னடி, இடம் பெயரும் விவசாயக் கூலிகளுக்கென்றே வைத்திய விடுதிகள் ஏற்படுத்தச் சட்டத்தில் கையெழுத்திட்டார். அந்த விடுதிகளில் பல, அறுவடைக் காலத்தில் இரவிலும் திறந்திருக்கின்றன. சில, வண்டியில் ஏறிக் கூலிகளின் முகாமுக்கே போகின்றன. அமெரிக்காவின் குபேர சம்பத்தால் நடக்கிற காரியம் இதுவல்ல. கடிகாரத்தைத் திருப்பி வைக்கிற காரியம்.

எங்கள் மலைச்சாரலில் இன்னும் இரண்டு கூட்டத்தார் உண்டு. அவர்களைப் பற்றித் தனியே எழுத வேண்டும். பளியர் என்னும் ஆதிவாசிகள் தேன் எடுத்தும் தோட்டக் கூலி செய்தும் மலையில் வாழ்கிறார்கள். அவர்களில் பிரசவ வேதனைப்படும் பெண்ணைத் துணித் தொட்டிலில் கட்டித் தூக்கி வரும் இடங்களும் இருக்கின்றன. அஸ்ஸாமிலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் வந்து ஏலத் தோட்டங்களில் தங்கியிருக்கும் குடும்பங்கள் மற்றொரு கூட்டத்தார். பளியப் பெண்ணுக்கு நம் டாக்டர் பேசுகிற தமிழாவது விளங்கும். வடக்கத்திப் பெண் தன் வயிற்றைத் தொட்டுக் காட்டுவதோடு சரி.

பெரிய திட்டம் ஒன்றும் நாம் கேட்கவில்லை. வாரத்தில் இரண்டு நாள், மாலை ஆறரையிலிருந்து எட்டரை வரை, ஜீப் வந்து நிற்கிற இடத்துக்குப் பக்கத்தில் ஒரு செவிலியரும் ஒரு மேஜையும் இருக்கட்டும். ரத்தம் பார்க்கவும், கொதிப்பு அளக்கவும், மாத்திரை கொடுக்கவும், கர்ப்பத்தைப் பதியவும் அது போதும். அவருக்குப் பகலில் அதற்கு ஈடாக ஓய்வு கொடுக்க வேண்டும். அவரும் பிள்ளைகுட்டி உள்ளவரே. 'மக்களைத் தேடி மருத்துவம்' 2024-இல் தொழிற்சாலைகளுக்குப் போகத் தொடங்கியது; தொழிற்சாலைக்குப் போனது ஜீப்புக்கும் வரலாம். இடம் வேண்டுமானால் பள்ளிக்கூடத்துத் தாழ்வாரம் மாலையில் சும்மாதான் இருக்கிறது. சக உபாத்தியாயர்களும் சம்மதிப்பார்களென்றே எண்ணுகிறோம். ஒவ்வொருத்தி கையிலும் ஒரு சிறு நோட்டுப் புத்தகம் இருந்தால், கீழே பார்த்ததை மேலுள்ள டாக்டரும், மேலே பார்த்ததைக் கீழுள்ளவரும் அறிந்துகொள்வார்கள். தோட்டம் உடைய நேயர்கள் சிலரும் இதைப் படிக்கக்கூடும். மருந்தடித்த இடத்தில் எத்தனை நாள் கழித்து ஆள் இறங்கலாம் என்பதைக் கடைக்காரரிடம் கேட்டறிந்து, அந்த வரப்பில் ஒரு சிவப்புத் துணி கட்டி வைப்பதற்கு யாருடைய உத்தரவும் வேண்டியதில்லை.

அடுப்பை ஊதிக்கொண்டிருந்த அந்தத் தாயைப் பற்றிச் சொல்லி முடிக்கவில்லை. போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மடித்து மடித்து நைந்துபோன ஒரு சீட்டை எடுத்துக்கொண்டு நம் வீட்டுக்கு வந்தாள். ஏதோ ஓர் ஆஸ்பத்திரியில் எப்போதோ ரத்தம் பார்த்துக் கொடுத்த சீட்டு. நாலு மாதமாகப் பெட்டிக்குள் இருந்திருக்கிறது. அதில் என்ன எழுதியிருக்கிறதென்று படித்துச் சொல்ல வேண்டும் என்றாள். ஹீமோகுளோபின் ஏழரை. பன்னிரண்டு இருக்க வேண்டியது. ஒரு வாரத்தில் திரும்ப வரும்படி அடியில் எழுதியிருந்தது. அந்த வாரம், செவ்வாயோ புதனோ, வேலை நாள். நாம் விஷயத்தைச் சொல்லி, கட்டாயம் போக வேண்டும், உயிருக்கு ஆபத்து என்று பயமுறுத்தினோம். "போறேன், வாத்தியாரய்யா" என்று போய்விட்டாள்.

மறு வாரம் வகுப்பில் அவள் மகளைக் கூப்பிட்டு, "உன் தாயார் ஆஸ்பத்திரிக்குப் போனார்களா?" என்று கேட்டோம்.

"நல்ல மழை பெஞ்சா ஜீப்பு வராதாம், சார். அன்னைக்குப் போகுதாம்" என்றாள் சிறுமி.